நூற்றைம்பது ஆண்டுக்கு ஒரு வரைபடம்



நகரத்தின் நடுவே வனம் அமைப்பது எப்படி என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். பூங்கா அமைப்பதைப் பற்றி நம்மிடையே பேசுவோர் பலர் உண்டு. சாலையோரங்களில் நிழல் மரம் வைப்பதைப் பற்றியும் அவ்வப்போது பேச்சு எழுகிறது. வனம் என்பதோ இவ்விரண்டிலும் சேராதது. பூங்காவிலே புல்லை வெட்டுவதும், பாத்திக்கு நீர் விடுவதும், பட்டுப்போன செடியைக் களைந்து புதியதை வைப்பதுமாகிய நித்திய கைங்கரியம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கோடைக்குத் தோட்டக்காரர் வராமற் போனால் பூங்கா தன் ரூபத்தை இழந்துவிடும். வனத்திலோ மேலே விரிந்த முடிகளும், அவற்றின் கீழே நிழலைத் தாங்கி நிற்கும் நடுத்தர மரங்களும், அதற்கும் கீழே புதரும் கொடியும் நாற்றும், எல்லாவற்றிற்கும் அடியில் உதிர்ந்து மக்கிக் கிடக்கும் சருகும் மண்ணும் ஒன்றையொன்று ஆதரித்து, விழுந்த மரத்தின் இடத்தில் தானாகவே வேறொரு மரம் எழும்படியான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டை, செங்கல் உடைசலும் சுண்ணாம்புத் தூளும் கலந்த நகரத்து மண்ணில், நாற்புறமும் கட்டிடங்களும் வாகனங்களும் சூழ்ந்த நிலத்தில், மனிதன் திட்டமிட்டு உண்டாக்க முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்பதற்கு உலகத்தில் உள்ள அத்தாட்சிகளுள் தலைசிறந்ததாக நான் கருதுவது ஜப்பான் தேசத்துத் தலைநகரமான டோக்கியோவில், ஹராஜுகு ரயில் நிலையத்தை ஒட்டினாற்போல் நிற்கும் மெய்ஜி ஆலயத்து வனமாகும். ஏறக்குறைய எழுபது ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டிற்குள் புதிதாகச் செல்லும் யாத்திரிகர்கள், நகரம் வளர்ந்தபோது வெட்டாமல் விட்டுவைத்த ஆதி வனத்தின் எச்சம் இது என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது நூறாண்டுகளுக்குச் சற்று முன்பு மனிதர் கையால் நட்டது. மெய்ஜி சக்கரவர்த்தி 1912-லும் அவருடைய பட்டத்தரசி ஷோகென் 1914-லும் காலமானபின், இருவர் நினைவாகவும் ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்று ஜனங்கள் வேண்டிக்கொண்டதன்பேரில், யோயோகி என்னும் இடம் தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கே பழைய பிரபுக்களின் மாளிகையைச் சேர்ந்த ஒரு தோட்டமும் சில செம்பைன் மரங்களும் இருந்தன. மற்றபடி பெரும்பகுதி புல்வெளியும் விளைநிலமும் சதுப்புமாகவே கிடந்தது. 1915-இல் வேலை தொடங்கி, 1920 நவம்பர் முதல் நாள் ஆலயப் பிரதிஷ்டை நடந்தது.

எந்த மரத்தை நடுவது என்ற முதற் கேள்வியிலேயே பெரிய விவாதம் எழுந்தது. அப்போது பிரதம மந்திரியாக இருந்த ஓகுமா ஷிகெனோபு, இஸே ஆலயத்தையும் நிக்கோ நகரையும் சூழ்ந்து வானளாவ நிற்கும் ஸுகி என்னும் ஊசியிலை மரங்களைப் போன்ற கம்பீரமான ஸுகிக் காடே சக்கரவர்த்தியின் ஆலயத்திற்குத் தகுந்தது என்றும், அகன்ற இலை மரங்களை நட்டால் அது வெறும் புதர்க்காடாகப் போய்விடும் என்றும் பிடிவாதமாக நின்றார். அவருடைய அபிப்பிராயத்தை அலட்சியப்படுத்திவிட முடியாது. அழகைப் பற்றிய ஒரு தேசத்தின் பரம்பரையான உணர்வே அவர் வாயிலாகப் பேசிற்று. அவரை எதிர்த்து நின்றவர் டோக்கியோ சர்வகலாசாலையில் வனவியல் பேராசிரியராக இருந்த ஹோண்டா செய்ரோக்கு. ஜெர்மனியில் மியூனிக் நகரில் பயின்று பட்டம் பெற்றவர் அவர். 1903-இல் திறக்கப்பட்ட ஹிபியா பூங்காவை வகுத்தவரும் அவரே. அவருக்குத் துணையாக ஹோங்கோ தகனோரி, உயெஹாரா கெய்ஜி என்ற இளைய வனவியலாளர் இருவர் இருந்தனர்.

ஸுகி மலைச்சரிவின் ஈரத்தை விரும்பும் மரம். பனிமூட்டமும் ஓடை நீரும் உள்ள பள்ளத்தாக்குகளில் அது நேராக உயர்ந்து பல நூறாண்டு வாழும். டோக்கியோ நகரமோ எரிமலைச் சாம்பல் படிந்த மேட்டு நிலத்தின்மேல் அமைந்தது. மேல்மண் விரைவில் உலர்ந்துவிடும் தன்மையுடையது. போதாததற்குத் தொழிற்சாலைகளின் புகையும், பக்கத்தில் ஓடும் ரயில்களின் புகையும் சேர்ந்து அந்த நகரத்துப் பெரிய ஊசியிலை மரங்களை அப்போதே வாட்டிக்கொண்டிருந்தன. இவற்றை வாயால் சொன்னதோடு ஹோண்டாவும் அவருடைய துணைவர்களும் நின்றுவிடவில்லை. நிக்கோவில் வளர்ந்த ஸுகியையும் டோக்கியோவில் வளர்ந்த ஸுகியையும் அடிமரத்தில் அறுத்து, ஆண்டு வளையங்களை அளந்து, ஒரே வயதில் இரண்டின் வளர்ச்சியும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை எண்களால் காட்டினார்கள். பிரதம மந்திரி இறுதியில் இசைந்தார். அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவருடைய விருப்பத்தைவிட ஒரு மரத்துண்டின் சாட்சியம் பெரிதாக மதிக்கப்பட்ட அந்த நிகழ்ச்சியை, பொதுநிலத்தில் மரம் நடும் உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். எந்த மரம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மண்ணும் மழையும் காற்றும். நம்முடைய ருசி அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

அப்படியானால் டோக்கியோ மண் எந்த மரத்தைக் கேட்டது? மனிதன் தலையிடாமல் விட்டால் அந்தப் பிரதேசத்தில் இறுதியாக நிலைபெறும் காடு, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத ஓக் வகைகளும், ஷீ என்னும் மரமும், கற்பூர மரமும் கலந்த அகன்ற இலைக் காடு என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். உயெஹாரா, ஸகாய் நகரில் உள்ள நிந்தொகு சக்கரவர்த்தியின் பழம்பெரும் சமாதி மேட்டை நேரில் சென்று ஆராய்ந்தார். அகழி சூழ்ந்து, மனித சஞ்சாரமே இல்லாமல் நெடுங்காலம் விடப்பட்ட அந்த மேட்டில், ஒருவரும் நடாமல், ஒருவரும் நீர் வார்க்காமல், காடு தன் சந்ததியைத் தானே பெருக்கிக்கொண்டு நின்றது. யோயோகியில் தாங்கள் அடைய விரும்பும் நிலையின் உருவத்தை அங்கே அவர்கள் கண்டார்கள். ஒரு லட்சியக் காட்டைக் கற்பனையில் தேடாமல், பக்கத்திலேயே பிழைத்திருக்கும் பழைய காட்டில் தேடியது அவர்களுடைய விவேகம்.

இனி, அவர்கள் வரைந்த வரைபடத்திற்கு வருகிறேன். இந்தச் சொற்பொழிவின் தலைப்பும் அதைக் கருதியே வைத்தது. 1921-இல் ஹோங்கோ எழுதிய வனத் திட்டத்தில், ஒரே இடத்தின் பக்கவாட்டுத் தோற்றம் நான்கு காலங்களுக்கு நான்காக வரையப்பட்டிருக்கிறது. முதற்படியில், நட்டவுடனேயே ஆலயத்திற்கு ஒரு கம்பீரம் வேண்டியிருந்ததால், நிலத்தில் முன்பே இருந்தவையும் பெயர்த்துக் கொண்டுவந்தவையுமான பைன் மரங்கள் தலைமை ஸ்தானம் வகிக்கின்றன, அவற்றின் கீழே ஹினோக்கி, ஸவாரா முதலிய ஊசியிலை மரங்கள், அவற்றிற்கும் கீழே, இன்னும் இளங்கன்றுகளாக, ஓக்கும் ஷீயும் கற்பூர மரமும், அடியிலே குறுஞ்செடிகள். இரண்டாம் படியில், சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆகும்போது, வெளிச்சம் போதாமல் பைன் மரங்கள் ஒவ்வொன்றாக மடிய, ஹினோக்கி முதலியவை மேலெழுகின்றன. மூன்றாம் படியில், சுமார் நூறு ஆண்டுகளில், அகன்ற இலை மரங்கள் அவற்றையும் மிஞ்சி முடி விரிக்கின்றன. நான்காம் படியில், நூற்றைம்பது ஆண்டுகள் நிறையும்போது, ஊசியிலை மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சி நிற்க, ஓக்கும் ஷீயும் கற்பூர மரமும் விதை சிந்தி, தங்கள் காலடியில் தங்கள் மக்களை வளர்த்துக்கொள்ளும் நிலை சித்திக்கிறது.

இதை எண்ணிப் பாருங்கள். தாங்கள் உயிரோடு காணப்போகாத ஒரு காட்டை வரைந்தார்கள் என்பது ஒன்று. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, தாங்கள் நட்டவற்றுள் பெரும்பகுதி எப்போது, எதனால் சாகும் என்பதையும் அதே வரைபடத்தில் வரைந்தார்கள் என்பதாகும். பைன் மரம் வந்து, நிழல் தந்து, காற்றைத் தடுத்து, தன் கடமை முடிந்தவுடன் விலகிக்கொள்ள வேண்டியது. அதன் மரணம் திட்டத்தின் ஓர் அங்கம். நாடெங்கிலுமிருந்தும், அக்காலத்தில் ஜப்பானிய ஆட்சியில் இருந்த தெற்கே தைவான் முதல் வடக்கே ஸகாலின் தீவின் தென்பகுதி வரையிலுமிருந்தும், சுமார் ஒரு லட்சம் மரங்கள் காணிக்கையாக வந்து குவிந்தன. அவற்றில் 365 இனங்கள் இருந்தன என்பர். வாலிபர் சங்கங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பல ஊர்களிலிருந்து வந்து அவற்றை நட்டார்கள். நூற்றாண்டு நெருங்கியபோது எடுக்கப்பட்ட கணக்கில் அங்கே நின்றவை சுமார் 36,000 மரங்களே. இனங்கள் 234 ஆகக் குறைந்திருந்தன. கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் இது பெருநஷ்டமாகத் தோன்றும். வனத்தை அறிந்தவர்களோ, நூற்றைம்பது ஆண்டில் வரும் என்று எதிர்பார்த்த நிலை முன்னதாகவே வந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். அந்த ஆராய்ச்சியிலே, காளானும் பூச்சியும் பறவையும் உட்பட ஏறக்குறைய மூவாயிரம் உயிரினங்கள் அக்காட்டில் வாழ்வது தெரியவந்தது. அவற்றுள் மிகப்பெரும்பாலானவற்றை ஒருவரும் கொண்டுவந்து விடவில்லை.

நம் ஊர்களில் மரம் நடும் விழாக்களில், நட்ட கன்றுகளின் தொகையைச் சொல்லிப் பெருமைப்படுவதும், அடுத்த ஆண்டு அவற்றுள் எத்தனை பிழைத்தன என்று கேட்டுக் குறைகூறுவதுமாகவே காலம் செல்கிறது. பாதை வகுக்கும் மரம் எது, பாதை முடிவில் நிலைக்க வேண்டிய மரம் எது என்று பிரித்து நடாதவரையில் அந்த இரண்டு எண்களாலும் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

வரைபடத்தோடு சேர்ந்து ஓர் ஒழுக்கமும் விதிக்கப்பட்டது. மெய்ஜி வனத்தில் மரத்தை வெட்டலாகாது. காட்டிலிருந்து எதையும் வெளியே எடுத்துச் செல்லலாகாது. ஜனங்கள் பாதையை விட்டு உள்ளே நுழையலாகாது. அகன்ற சரளைப் பாதையில் உதிரும் இலைகளைத் தினந்தோறும் நீண்ட துடைப்பங்களால் பெருக்கும் பணியாளர்கள், சேர்ந்த சருகு முழுவதையும் திரும்பக் காட்டிற்குள்ளேயே கொட்டிவிடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சிறு வழக்கம். உண்மையிலே அந்த வனத்தின் ஜீவாதாரம் இதுதான். சருகு மக்கி மண்ணாகிறது. மண் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த ஈரத்தில் பூசணமும் புழுவும் பெருகி, அடுத்த விதைக்குப் படுக்கை விரிக்கின்றன. சருகை அள்ளிக் கொளுத்துகிற நகரத்தில் வனம் ஒருநாளும் உண்டாகாது. சுத்தம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை மாற்றிக்கொள்ளாமல் இந்தக் கலையில் கைவைப்பது வீண் பிரயத்தனம்.

1945 ஏப்ரல் மாதத்தில், யுத்தத்தின் இறுதியில் விழுந்த தீக்குண்டுகளால் ஆலயத்தின் பிரதான மண்டபங்கள் எரிந்து சாம்பலாயின. சுற்றியிருந்த காடு பெரும்பாலும் தப்பிற்று. அகன்ற இலைப் பசுமை மரங்கள் நீர்ச்சத்து மிகுந்தவை, எளிதில் தீப்பற்றாதவை. ஓகுமா விரும்பியபடி ஊசியிலைக் காடாக நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே மனம் நடுங்குகிறது. 1958-இல் ஆலயம் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டபோது, காட்டிற்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபணை எழக்கூடும். தெய்வபக்தியும் ராஜபக்தியும் காவல் நிற்கும் இடத்தில் உள்ளே நுழையாதே என்று சொல்வது எளிது; சாதாரண நகரசபையின் நிலத்தில், குழந்தைகள் ஓடியாடவும் முதியோர் உலாவவும் வேண்டிய இடத்தில், அது நடக்குமா? இதற்கு விடை தேடி நான் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரத்தைப் பார்க்கிறேன். அந்நகரசபை 1928-இல் ஒரு வனம் அமைப்பதென்று தீர்மானித்து, 1934-இல் வேலையைத் தொடங்கிற்று. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து தவித்த ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு அதுவே ஜீவனோபாயமும் ஆயிற்று. நிலமோ கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த சேற்றுப் பூமி. மரத்தின் வேர் நீரில் அழுகாமலிருக்க, முதலில் மண்ணுக்கடியில் வடிகுழாய்களைப் பரப்பினார்கள். பிறகு விரைந்து வளரும் ஆல்டர், பாப்ளர் முதலியவற்றை நட்டு, அவற்றின் காப்பில் ஓக், பீச் முதலிய நிலைத்த மரங்களை வளர்த்தார்கள். ஆல்டரின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து மண்ணுக்கு அளிப்பவை. திட்டத்தின்படியான கடைசி மரம் 1970-இல் நடப்பட்டது. வான் ஈஸ்டரென், யாகொபா மூல்டர் என்னும் நகரமைப்பாளர் இருவர் அதன் உருவத்தை வகுத்தனர்.

ஆம்ஸ்டர்டாமில் நான் வியப்பது வெளியும் காடும் மாறி மாறி வரும்படி அவர்கள் செய்த அமைப்பு. ஜனங்கள் கூடும் புல்வெளிகளும், படகு விடும் நீர்நிலைகளும், அவற்றைச் சுற்றி அடர்ந்த மரத்தொகுதிகளுமாக நிலம் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நகரத்தில் ஒரு பெண்மணி தனியே நடந்துபோகும்போது பாதையின் இருமருங்கும் கண்மறைக்கும் புதர் நெருங்கி நின்றால், அந்த வனம் எத்தனை அழகாயிருந்தாலும் அவர் மறுநாள் அங்கே வரமாட்டார். ஆகவே பாதையோரத்தில் தாழ்ந்த செடிகளையும் திறந்த இடத்தையும் விட்டு, புதரைச் சில கஜம் பின்னுக்குத் தள்ளி, அதன் பின்னே மரங்களை எழுப்ப வேண்டும். வெளிப்புற எல்லையில், சாலையை நோக்கிய பக்கத்தில், இதற்கு நேர்மாறாகத் தரையிலிருந்து முடி வரை இலை மூடியிருக்கும்படி குறுமரமும் புதரும் கொடியும் சேர்த்து நட வேண்டும். காற்றும் தூசியும் உள்ளே பாய்ந்து ஈரத்தை உறிஞ்சாமல் காப்பது அந்த விளிம்புதான். விளிம்பு திறந்து கிடக்கும் காடு, கதவில்லாத வீடு.

நம்முடைய தேசத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். சோழமண்டலக் கரையோரத்து ஆதிக் காடு, பருவமழை ஓய்ந்தபின் வரும் நீண்ட வறட்சியைத் தடித்த இலைகளால் தாங்கி, ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்கும் ஒருவகைக் குட்டையான காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, நாவல் என்று அதன் மரங்களை நம் கிராமத்து முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். சென்னை நகரத்தினுள் கிண்டியில் அதன் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. அது 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள கோயில்காடு மற்றொரு சாட்சி. உயெஹாராவுக்கு ஸகாய் நகரத்துச் சமாதி மேடு எதுவாக இருந்ததோ, நமக்குப் புத்துப்பட்டு அதுவாக இருக்கக்கூடும்.

இதையறிந்து செய்த ஒரு காரியமும் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. செம்மண் அரித்து வெறுமையாகிக் கிடந்த மேட்டில் ஆரோவில் அமைந்தபோது, ஆஸ்திரேலிய நாட்டு வேலமர இனமொன்றைத்தான் அங்கிருந்தவர்கள் முன்னணியாகப் பயன்படுத்தினார்கள். அதன் நிழலில் நம் கரையோரத்து மரங்களை நட்டார்கள். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் வீசியபோது அந்த அயல் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அங்கே உழைத்தவர்களுக்கு அது பெரிய துயரம். ஆயினும் அடியில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. டோக்கியோவில் பைன் மரங்கள் மெல்ல மெல்லச் செய்த தியாகத்தை இங்கே ஒரே இரவில் புயல் செய்துமுடித்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பெயர்த்தெறிந்தபோது, சாலையோரங்களில் தனித்தனியே நின்ற அவற்றின் அடியில், எழக் காத்திருந்த இரண்டாவது தலைமுறை ஒன்றும் இல்லை.

அண்மைக் காலத்தில் சென்னை மாநகராட்சியும் பிற நகரங்களும் மியாவாக்கி முறையில் சிறு சிறு காடுகளை நட்டு வருகின்றன. அந்த முறையை வகுத்த பேராசிரியர் மியாவாக்கி அகிரா, ஜப்பானியக் கோயில்காடுகளில் எஞ்சியிருந்த மரங்களை ஆராய்ந்தே தம் கொள்கையை அடைந்தவர். அவருடைய நெருக்கமான நடவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தந்த மண்ணுக்குரிய மரத்தைத் தேடும் ஆராய்ச்சியை விட்டுவிடுவது சரியன்று. ஈர மண்டலத்து மரங்களையும் நாற்றங்காலில் கைக்குக் கிடைத்த மரங்களையும் நெருக்கி நட்டால் இரண்டு ஆண்டில் கண்ணுக்குப் பச்சை தெரியும். குழாய் நீர் நின்றபின் வரும் முதற் கோடையில் அதன் கதி தெரியும்.

ஆகையால் நகரமைப்புப் பயிலும் இளைஞர்களிடத்தில் இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். ஒரு வனத்திற்குத் திட்டம் வரையும்போது மேலிருந்து பார்க்கும் தளப்படம் ஒன்றோடு நிறுத்தாதீர்கள்; ஐந்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு என்று பக்கவாட்டுப் படங்களையும் வரைந்து, எந்த மரம் எப்போது விலகும், சருகை யார் எங்கே சேர்ப்பார், எந்த ஆண்டிலிருந்து யாரும் நீர் விட வேண்டியதில்லை என்பவற்றை அதிலேயே எழுதிக் கொடுங்கள். பின்வரும் அதிகாரி நல்லெண்ணத்தோடேயே உள்ளே புகுந்து புதரை வெட்டிச் சுத்தம் செய்துவிடாமல் தடுக்கக்கூடியது அந்த எழுத்து ஒன்றே.

மற்றொன்று நாற்றங்காலைப் பற்றியது. வீரையும் காசாவும் மெதுவாக வளர்பவை. விலைக்கு வளர்ப்போர் அவற்றை விரும்பி வைப்பதில்லை. ஆதலால் திட்டம் கையெழுத்தாகி, ஒப்பந்தம் முடிந்து, மழை வந்தபின் கன்று தேடினால், கிடைப்பது தூங்குமூஞ்சியும் கொன்றையுமாகவே இருக்கும். நடவுக்குச் சில ஆண்டுகள் முன்பே கோயில்காடுகளில் விதை பொறுக்க அனுமதி பெற்று, ஊர்ப் பெரியவர்களைத் துணைகொண்டு மரத்தை அடையாளம் கண்டு, நகரசபையின் சொந்த நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே அவற்றை எழுப்பிவைக்க வேண்டும். அந்த வேலையை இந்த மழைப் பருவத்திலேயே தொடங்கலாம்.